நடுத் தண்ணீரில் நிற்கும் கல் தூண்கள்!



மழைக்காலத்தில் மதுரையிலிருந்து எந்த ஊருக்குப் பஸ்ஸில் போனாலும், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெளியே பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் ஒரு கண்மாயாவது கண்ணில் பட்டுவிடும். நீண்ட மண் கரை. கரையில் பனை மரங்கள். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தண்ணீருக்கு நடுவே இரண்டு கல் தூண்கள் நிற்கும். இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒன்றோ இரண்டோ கற்கள் இருக்கும். மேலே ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும்.

அது என்ன தூண்?

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்பேன். "பழைய கோயில் சார்!" என்பான் ஒருவன். "ராஜா ஊஞ்சல் ஆடின இடம் சார்!" என்பாள் ஒருத்தி. "பறவை உட்கார்றதுக்குக் கட்டினது சார்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். வகுப்பே சிரிக்கும்.

மூன்றும் இல்லை. அது ஒரு குழாயின் திருகு! நம் வீட்டுக் குழாயைத் திறக்க ஒரு பிடி இருக்கிறது அல்லவா? அதைப்போல ஒரு கண்மாயையே திறக்கவும் மூடவும் நம் முன்னோர் வைத்த பிடிதான் அந்தத் தூண்களுக்கு நடுவே இருந்தது.

கண்மாய் என்றால் தண்ணீர் தேங்கிய பெரிய பள்ளம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் இயந்திரம். மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீரின் குணம் ஒன்றை மட்டுமே வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஓடிய இயந்திரம். அதன் பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

ஏன் வந்தது கண்மாய்?

மதுரைப் பக்கம் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 85 சென்டி மீட்டர். அதில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்தில் கொட்டிவிடும். அதுவும் தினமும் நிதானமாகப் பெய்யாது. நாலு நாள் அடித்து ஊற்றும். பிறகு பத்து நாள் வெயில் காயும். நெல்லுக்கோ மூன்று, நான்கு மாதம் தொடர்ந்து தண்ணீர் வேண்டும்.

வைகையும் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு அல்ல. ஆகவே, வரும்போது பிடித்து வைத்து, வேண்டும்போது எடுக்க ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அதுதான் கண்மாய். எங்கள் ஊர்ப் பேச்சில் 'கம்மாய்'. வட மாவட்டங்களில் இதையே ஏரி என்பார்கள். தமிழ்நாடு முழுவதும் இப்படிச் சுமார் 39 ஆயிரம் ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன.

மதுரையில் வைகை ஆற்றுப் படுகையில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. பாண்டிய மன்னன் சேந்தன் காலத்தது, கி.பி. 7ஆம் நூற்றாண்டு. ஆற்றில் மதகு அமைத்த செய்தியை அது சொல்கிறது. தண்ணீருக்குக் கதவு போடும் கலை நம் ஊரில் எவ்வளவு பழையது, பார்த்தீர்களா?

முதல் பாகம்: வரத்துக்கால்

கண்மாய்க்குள் தண்ணீர் வரும் வழிக்கு வரத்துக்கால் என்று பெயர். மேட்டு நிலத்தில் விழும் மழை ஓடையாகச் சேர்ந்து வரும். சில கண்மாய்களுக்கு ஆற்றிலிருந்து கால்வாய் வரும். வைகைத் தண்ணீரை நிலையூர்க் கால்வாய் நிலையூர்க் கண்மாய்க்குக் கொண்டு வருவது இப்படித்தான்.

வரத்துக்கால் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். வெயில் காலத்தில் வெறும் வறண்ட பள்ளம், ஆடு மேயும். "இது சும்மாதானே கிடக்கிறது" என்று யாராவது மண்ணைக் கொட்டி மூடினால், கண்மாயின் வாயை அடைத்த மாதிரிதான். அடுத்த மழைக்குக் கண்மாய் பட்டினி கிடக்கும்.

இரண்டாம் பாகம்: கரை

கண்மாய்க்கு நான்கு பக்கமும் கரை இருக்காது. நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் மட்டும் பிறை நிலா போல வளைத்துக் கரை கட்டுவார்கள். தண்ணீர் வரும் மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். குறைந்த மண் வேலையில் நிறையத் தண்ணீர் பிடிக்க எவ்வளவு எளிய யோசனை!

கரை மேலே ஒரு மாட்டு வண்டி போகும் அளவு அகலமாக இருந்தால், அடியில் அதைப்போலப் பல மடங்கு அகலமாக இருக்கும். ஏன்? இதை நீங்களே வீட்டில் கண்டுபிடிக்கலாம்.

செய்து பாருங்கள்: ஒரு பழைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒன்று, நடுவே ஒன்று, அடியில் ஒன்று என மூன்று சின்னத் துளைகள் போடச் சொல்லி அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள். மூன்றையும் விரலால் மூடித் தண்ணீர் நிரப்புங்கள். மூடியைப் போடாமல் விரல்களை எடுங்கள். மேல் துளையில் தண்ணீர் சோம்பேறித்தனமாக வழியும். அடித் துளையிலோ சர்ரென்று பீய்ச்சும்!

ஆழம் கூடக் கூடத் தண்ணீர் தள்ளுகிற அழுத்தமும் கூடும். அதனால்தான் கரை அடியில் அகலமாக இருக்கிறது. கண்மாயில் காற்று வீசும்போது எழும் அலை கரையை அரிக்காமல் இருக்க, தண்ணீர்ப் பக்கம் கற்களைப் பதிப்பார்கள். பனை மரம் நடுவதும் மண்ணை இறுக்கிப் பிடிக்கத்தான்.

மூன்றாம் பாகம்: மடை

இப்போது நம் கல் தூண்களுக்கு வருவோம். கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு விடும் வாசலுக்கு மடை என்று பெயர். கரையை வெட்டித் திறந்தால் என்ன ஆகும்? வேகமாக ஓடும் தண்ணீர் மண்ணை அரித்துக் கரையையே கொண்டுபோய்விடும். ஆகவே கரையைத் தொடாமல், கரைக்கு அடியில் கல்லால் ஒரு சுரங்க வழி கட்டினார்கள். அந்தச் சுரங்கத்தின் ஒரு முனை வயல் பக்கம் திறந்திருக்கும். மறு முனை கண்மாய்க்கு உள்ளே, தூண்களுக்கு நேர் அடியில், ஒரு கல் தொட்டியில் போய் முடியும்.

அந்தத் தொட்டியை மூடிய பலகைக் கல்லில் ஒரு வட்டத் துளை. துளைக்கு ஒரு அடைப்பான். அடைப்பானோடு சேர்த்து ஒரு நீண்ட கம்பு. கம்பு நேராக மேலே வந்து, தூண்களை இணைக்கும் குறுக்குக் கற்களில் உள்ள துளை வழியாக நீட்டிக்கொண்டிருக்கும். கம்பைத் தூக்கினால் மடை திறக்கும். இறக்கினால் மூடிக்கொள்ளும். கம்பில் ஆணி செருக வழி இருந்தால் கொஞ்சமாகவும் திறக்கலாம், முழுதாகவும் திறக்கலாம். இதற்குக் குமிழி மடை என்று பெயர். பல குமிழி மடைகளில் தொட்டியின் கீழ்ப் பக்கத்தில் சிறு துளைகளும் உண்டு. கண்மாயின் அடியில் படியும் சேறும் தண்ணீரோடு கொஞ்சம் வெளியேற அது வழி செய்தது.

இலங்கையிலும் பழைய பெரிய குளங்களில் தண்ணீரின் வேகத்தை அடக்க இப்படிக் கட்டப்பட்ட அமைப்பு உண்டு. அதைச் சிங்கள மொழியில் 'பிசோகொட்டுவ' என்பார்கள்.

கம்பைத் தூக்குவது சுலபமா? ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் சின்ன ஸ்கேல் 15 சென்டி மீட்டர் நீளம். துளையின் விட்டம் அவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு சுமார் 177 சதுர சென்டி மீட்டர். அதன் மேல் 3 மீட்டர், அதாவது 300 சென்டி மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. 177-ஐ 300-ஆல் பெருக்கினால் 53,100 கன சென்டி மீட்டர். ஒரு கன சென்டி மீட்டர் தண்ணீரின் எடை 1 கிராம். ஆகவே அந்த அடைப்பானைத் தண்ணீர் அழுத்துவது சுமார் 53 கிலோ! உங்களில் பலருடைய எடையைவிட அதிகம்.

கண்மாய் நிரம்பி இருக்கும்போது, கரையிலிருந்து நீந்திப் போய், வழுக்கும் கல்லில் நின்று, இந்த எடையைத் தூக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் இருந்தார்.

நீர்பாய்ச்சி

அவருக்கு எங்கள் பக்கத்தில் நீர்பாய்ச்சி என்று பெயர். சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள். மடை திறப்பது, மூடுவது, மழை இரவில் கரையைச் சுற்றிப் பார்ப்பது, வாய்க்காலைச் சரி செய்வது எல்லாம் அவர் வேலை. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, தண்ணீரைப் பங்கு வைப்பது. இதற்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடை ஆனதும் ஒவ்வொரு வயல்காரரும் களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள்.

மடைக்குப் பக்கத்து வயலுக்குத் தலைமடை என்று பெயர். வாய்க்காலின் கடைசி வயல் கடைமடை. தண்ணீர் முதலில் தலைமடைக்குத்தான் வரும். தலைமடைக்காரர் கொஞ்சம் பேராசைப்பட்டால் போதும், கடைமடை காய்ந்துபோகும். ஆகவே முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். இந்த வயலுக்கு இத்தனை நாழிகை, அடுத்த வயலுக்கு இத்தனை நாழிகை. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். எங்கள் ஊர் நீர்பாய்ச்சித் தாத்தா கையில் கடிகாரம் கட்டி நான் பார்த்ததில்லை. பகலில் நிழலை அளப்பார். இரவில் விண்மீனைப் பார்ப்பார்.

ஒரு விஷயம் சொல்கிறேன். இதுவரை வகுப்பில் கூட நான் சொன்னதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஆண்டு மழை குறைவு. கண்மாயில் தண்ணீர் அரைக்கும் கீழே. நெல் பால் பிடிக்கும் நேரம். எங்கள் வயல் தலைமடை. அன்று இரவு எங்கள் முறை முடிந்ததும் தாத்தா மண்ணை வைத்து எங்கள் வாய்மடையை அடைத்துவிட்டுப் போனார். அப்பா என்னைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். சுற்றி யாரும் இல்லை. "நம் வயலுக்கு இன்னும் கொஞ்சம் போனால் நல்லதுதானே" என்று நினைத்தேன். அடைப்பில் கையை விட்டு ஒரு துளை போட்டேன். தண்ணீர் சலசலவென்று எங்கள் வயலுக்குள் ஓடியது. அப்பா வருவதற்குள் மூடிவிட்டேன்.

மறுநாள் காலையில் தாத்தா வந்தார். அடைப்பைக் குனிந்து பார்த்தார். ஈர மண்ணில் என் சின்னக் கை விரல்கள் பதிந்திருந்தன. அவர் திட்டவில்லை.

"தம்பி, வா. கடைமடை வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார்.

வாய்க்கால் ஓரமாகவே நடந்தோம். போகப் போக வாய்க்காலில் தண்ணீர் மெலிந்தது. கடைசியில் ஈரம் மட்டும்தான். கடைமடையில் ஓர் அப்பத்தாவுக்கு அரை ஏக்கர். தனியாள். வயல் வெடித்து, என் விரல் உள்ளே போகும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. கதிர்கள் தலை நிமிர்ந்து நின்றன. உள்ளே மணி பிடித்த கதிர் தலை சாயும். நிமிர்ந்து நின்றால் பதர் என்று எனக்கே தெரியும்.

"ராத்திரி என் முறையாச்சே, தண்ணி எங்கய்யா?" என்று அப்பத்தா கேட்டது.

தாத்தா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "வந்துக்கிட்டே இருக்கு ஆத்தா" என்றார்.

அவ்வளவுதான். யாரிடமும் அவர் சொல்லவில்லை. அடுத்த முறையில் எங்கள் வயலுக்கு ஒரு நாழிகை குறைந்தது. அந்த நாழிகை கடைமடைக்குப் போனது. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மடை என்கிற கல் கருவியைச் செய்தது சிற்பியாக இருக்கலாம். அதை நியாயமாக ஓட வைத்தது இந்த மனிதர்தான். அவரும் அந்த இயந்திரத்தின் ஒரு பாகம்.

நான்காம் பாகம்: கலுங்கு

தண்ணீர் குறைந்தால் பங்கு வைக்கலாம். கூடிப்போனால்? கரைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் மண் கரை உடைந்துவிடும். அதற்காகக் கரையின் ஓர் இடத்தில், கரையைவிடத் தாழ்வாக, கல்லால் ஒரு சுவர் கட்டியிருப்பார்கள். அதுதான் கலுங்கு. தண்ணீர் அந்த மட்டத்தைத் தாண்டியதும் தானாகவே வழிந்து வெளியேறும். யாரும் திறக்க வேண்டாம். நடுராத்திரி மழையிலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கலுங்கின் மேல் சிறு கல் தூண்கள் வரிசையாக நட்டிருப்பதைப் பார்க்கலாம். மழை முடியும் தறுவாயில் அந்தத் தூண்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால், இன்னும் கொஞ்சம் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கிக்கொள்ளலாம்.

வழிந்த தண்ணீர் வீணாகிறதா? இல்லை. அதற்கும் ஒரு வாய்க்கால் உண்டு, பெயர் மறுகால். மேலூர்க் கண்மாயின் மறுகால், கீழே உள்ள கண்மாய்க்கு வரத்துக்கால்! அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்கு. இப்படிச் சங்கிலி போலக் கண்மாய்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. "கண்மாய் மறுகால் பாயுது!" என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரே வேடிக்கை பார்க்க ஓடும். வைகை ஆறே வழியெல்லாம் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போய், ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் சேர்கிறது.

சங்கிலி அறுந்தால்?

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை மதுரை நகரமே பார்த்தது. 2024 அக்டோபர் கடைசி வாரத்தில் மதுரையில் கன மழை கொட்டியது. செல்லூர்க் கண்மாய் நிரம்பி வழிந்தது. அதன் உபரித் தண்ணீரை வைகைக்குக் கொண்டு போக வேண்டியது பந்தல்குடி வாய்க்கால். அத்தனை தண்ணீரை அதனால் தாங்க முடியவில்லை. செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பாடப் புத்தகங்கள் நனைந்த பிள்ளைகளும் அங்கே இருந்திருப்பார்கள்.

தண்ணீர் கெட்டது அல்ல. தான் போக வேண்டிய பழைய வழியைத்தான் அது தேடியது. வழியில் சுவரும் குப்பையும் மண்ணும் இருந்தால் அது என்ன செய்யும்? நகரத்தில் இருக்கும் உங்களில் சிலருடைய தெருவேகூட ஒரு காலத்தில் ஏதோ ஒரு கண்மாயின் மறுகாலாக இருந்திருக்கலாம்.

முன்பெல்லாம் கோடையில் கண்மாய் வற்றியதும், ஊரார் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்காலைத் தூர் வாருவார்கள். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். கண்மாய்க்குள் படிந்த வண்டல் மண்ணை மாட்டு வண்டியில் அள்ளிக்கொண்டுபோய் வயலில் கொட்டுவார்கள். வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம். ஒரே வேலையில் இரண்டு பலன்! பிறகு இந்தப் பழக்கம் குறைந்தது. கண்மாய்களில் மண் மேடிட்டது. சீமைக் கருவேல முட்செடி மண்டியது. 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கிப் பல கண்மாய்களைத் தூர் வார வைத்தது.

இப்போது பல மடைகளில் கம்பும் அடைப்பானும் இல்லை. சக்கரம் போன்ற பிடியைச் சுற்றினால் ஏறி இறங்கும் இரும்பு ஷட்டர் வந்துவிட்டது. வேலை சுலபம்தான். ஆனால், எப்போது திறப்பது, யாருக்கு எவ்வளவு விடுவது என்று ஷட்டருக்குத் தெரியாது. அதை மனிதர்கள்தான் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

போய்ப் பாருங்கள்!

வரும் விடுமுறையில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கண்மாய்க்குப் பெரியவர்களோடு போங்கள். மாடக்குளம், வண்டியூர், திருப்பரங்குன்றம் தென்கால் என்று மதுரையைச் சுற்றியே எத்தனையோ கண்மாய்கள் உண்டு. தண்ணீருக்குள் மட்டும் இறங்காதீர்கள். மண் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களையே ஏமாற்றிவிடும். கரையில் நின்றபடியே இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுங்கள்:

1. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது? வரத்துக்கால் திறந்திருக்கிறதா?
2. மடைகள் எத்தனை? பழைய கல் தூண்கள் இருக்கின்றனவா? தூணில் எழுத்து ஏதாவது தெரிகிறதா?
3. கலுங்கு எங்கே? மறுகால் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது?
4. அந்த ஊரில் மடையைத் திறந்து மூடியவர் யார்? அவரை அறிந்த தாத்தா, பாட்டி யாராவது இருக்கிறார்களா?

விடைகளை ஒரு நோட்டில் படம் வரைந்து எழுதி வையுங்கள். வகுப்பில் எல்லோரும் எழுதியதைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், உங்கள் வட்டாரத்துச் சங்கிலி எங்கே இருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஊர் நீர்பாய்ச்சித் தாத்தா இப்போது இல்லை. அவர் தூக்கிய கம்பும் உளுத்துப் போயிற்று. இரண்டு கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் கரையில் ஏறி, முதலில் மடையைப் பார்ப்பேன். பிறகு வாய்க்கால் ஓரமாகக் கடைமடை வரை நடப்பேன். அங்கே ஈரம் இருக்கிறதா என்று குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.